சின்னக் கொடுக்கு

பதிமூன்று வயதில் திறந்த பக்கம்.
பெயர் நெருப்பு ஓநாய் 97,
ஏனென்றால் உலகத்தில் ஏற்கனவே
தொண்ணூற்றாறு நெருப்பு ஓநாய்கள் இருந்தன.

இருபத்தெட்டில் வேலைக்கு மனுப் போட்டேன்.
போர்ட்ஃபோலியோ லிங்க் அனுப்பவும் என்றார்கள்.
தனியாக ஒரு தளம் வைக்கக் காசில்லை;
புன்டா அரேனாஸில் மருந்துக்கடைச் சம்பளம்
வாடகைக்கும் பூட்ஸுக்கும் சரியாகிவிடும்.
ஆக, ஓநாயையே அனுப்பினேன், செவ்வாய்க்கிழமை.
அனுப்பிய பிறகுதான் அதை நன்றாகப் பார்த்தேன்,
விருந்தாளி படியேறும் சத்தம் கேட்டு
துணி காயும் கொடியைப் பார்ப்பது போல.

நானூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
சிறகு முளைத்த ஓநாய். அழுகிற ஓநாய்.
கிட்டார் வாசிக்கும் ஓநாய்
(அது ஒரு பையனுக்காக. பெயர் வேண்டாம்).
மனிதர்களும் உண்டு, ஆனால் யாருக்கும் கையில்லை:
பாக்கெட்டில் நுழைத்திருப்பார்கள்,
முதுகுக்குப் பின்னால் கட்டியிருப்பார்கள்,
பூங்கொத்துக்குள் புதைத்திருப்பார்கள்.
எனக்குக் கை வராது.
ஒரு வருஷம் அலுத்துப்போய்
எல்லோருக்கும் சென்டோயா நண்டின் கொடுக்கு வைத்தேன்.
மணமகளுக்கு. பாதிரியாருக்கு.
பந்தைத் தடுக்கப் பாயும் கோல்கீப்பருக்கு.

புதன் இரவு முழுக்க அழித்தேன்.
அழிப்பதும் ஒருவகை வரைதல் என்று
சொல்லிக்கொள்ள ஆசைதான்.
வெறும் வெட்கம் அது.
ஒவ்வொரு முறையும் 'நிச்சயமாகவா?' என்று கேட்டது,
நிச்சயமாக, நிச்சயமாக, நிச்சயமாக,
நாலு மணிக்குப் பன்னிரண்டு மிஞ்சின.
கலங்கரை விளக்கம், நீர்க்காகம்,
கடற்பாசியின் குறுக்குவெட்டு,
தலைவாரிப் பள்ளிக்கூடப் போட்டோவுக்கு நிற்பவை.
எதிலும் நான் இல்லை.
அன்றைக்கு அது தகுதியாகத் தோன்றியது.

வியாழன். கடல் ஆய்வு நிலையம்.
தெருமுனையில் கயிறு கட்டிவிட்டார்கள், அப்படி ஒரு காற்று.
டாக்டர் ஓயார்சூன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு
மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.
செவ்வாய்க்கிழமையே அச்செடுத்தது,
காப்பிக் கோப்பையின் வளையத்தோடு:
மணமகள்.
"இது எங்கே போனது? இன்று காலையில் தேடினேன், காணோம்."
என் காது சுட்டது.
"வலது பெரிது, இடது சின்னது," என்றார்.
"போன தடவை எங்களுக்கு வரைந்தவர்
இரண்டையும் ஒரே அளவில் போட்டுவிட்டார்.
உனக்கு யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை.
வீட்டுத் தொட்டியில் கிடந்ததைப் பார்த்துப் போட்டேன்.

"பெண் நண்டு வரைவாயா? அடிவயிறு?
வலையில் வந்தால் திருப்பிப் பார்த்து
அப்படியே கடலில் விட வேண்டும்.
மீனவர்களுக்குக் கையேடு போடுகிறோம்."

வரைவேன் என்றேன்.
சட்டப்படி யாரும் கரைக்குக் கொண்டுவரக் கூடாத ஒன்றின்
அடிவயிற்று மடிப்பு எப்படி அத்தனை அத்துப்படி என்று
அவர் கேட்கவில்லை.
மாமா பெயரை நானும் எடுக்கவில்லை.

நாற்பது படம். முன்பணம் பாதி.
ஒப்பந்தக் கடிதம் அன்று மாலையே வந்தது:
மதிப்பிற்குரிய நெருப்பு ஓநாய் 97 அவர்களுக்கு.
யாஸ்னா என்று திருத்தி அனுப்பினேன்,
பிறகு ஒரு மணி நேரம் அந்த ஓநாய்க்காக
என்னவோ போலிருந்தது.

அழித்தவை திரும்ப வராது, கேட்டுப் பார்த்துவிட்டேன்.
மணமகளை மட்டும் அந்தத் தாளிலிருந்து
போனில் படமெடுத்து, காப்பி வளையத்தோடு,
பதின்மூன்றாவதாக மாட்டியிருக்கிறேன்.

அன்று திரும்பி வரும்போது
ஒரு கையில் கோப்பு, மறு கையில் கயிறு.
விரல்கள் வெளுத்து, கட்டைவிரல் எங்கோ மடங்கி,
முட்டிகள் ஒவ்வொன்றும் ஒரு திசையில்.
நின்று பார்த்தேன், காற்று விட்ட மட்டும்.
இன்னமும் அதை எனக்கு வரையத் தெரியாது.